படக்காட்சி உரைகள் யாருக்காக? காட்டுக்கா, பயண ஏற்பாட்டாளருக்கா?

உள்ளான்:
காட்டுயிர் பார்க்கப் போய்வந்தவர்கள் படம் காட்டிப் பேசும் கூட்டம் எங்கு நடந்தாலும் முன்வரிசையில் போய் உட்காருகிறவன் நான். அண்மைக் காலமாக எரிச்சலோடுதான் எழுந்து வருகிறேன். பாயும் சிறுத்தை, மீனோடு மேலெழும் விராலடிப்பான், ஆற்றில் குதிக்கும் வில்டபீஸ்ட் என்ற ஆப்பிரிக்க மான் கூட்டம் என்று ஒரு மணி நேரமும் உச்சக்கட்டம்தான். காத்துக் கிடந்த பொழுதும், வெறுங்கையோடு திரும்பிய நாளும், அந்தச் சிறுத்தையை வளைத்து நின்ற மற்ற வண்டிகளும் திரைக்கு வருவதே இல்லை. கடைசிப் படத்தில் அடுத்த பயணத்தின் தேதி வந்துவிடும், வாசலில் துண்டறிக்கை கொடுப்பார்கள். இதற்கு இயற்கைக் கல்வி என்று பெயர் சூட்டி அரங்கத்தை இலவசமாகவும் வாங்கிவிடுகிறார்கள். இந்த உரைகளால் அந்த விலங்குக்கு என்ன கிடைத்தது? யாராவது சொல்லுங்கள்.

மரங்கொத்தி:
இத்தகைய உரைகளை நடத்துகிறவன் என்ற முறையில் நானே சொல்கிறேன். அமெரிக்காவின் ஓரிகன் கடலோரத்தில் திரீ ஆர்ச் ராக்ஸ் என்று சில பாறைத் தீவுகள் இருக்கின்றன. அங்கே கூடுகட்டும் கடற்பறவைகளைப் படகிலிருந்து சுடுவது அக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. வில்லியம் ஃபின்லி, ஹெர்மன் போல்மன் என்ற இரண்டு நண்பர்கள் கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு 1901இலும் 1903இலும் அந்தப் பாறைகளில் ஏறினார்கள். அவர்கள் எடுத்த படங்கள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் பார்வைக்குப் போயின. 1907இல் அந்தத் தீவுகள் சரணாலயமாயின. அடுத்த ஆண்டு கிளாமத், மால்ஹியூர் ஏரிப் பகுதிகளும் சேர்ந்தன. ஃபின்லி ஊர் ஊராகப் போய்க் கண்ணாடிச் சிலைடுகளைக் காட்டிப் பேசியவர். விலங்குக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். இது கிடைத்தது.

உள்ளான்:
ஃபின்லி கேட்டது சட்டம். "சுடுவதை நிறுத்துங்கள்" என்றார். "அடுத்த மாதம் என் படகில் இடம் இருக்கிறது, வருகிறீர்களா" என்று கேட்கவில்லை. அவர் நிழலில் போய் நீங்கள் ஒதுங்காதீர்கள்.

பழைய சிலைடு:
இருவரும் சற்றுப் பொறுங்கள். நான் கருவியின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சட்டமிட்ட சிறு ஃபிலிம் படங்களான சிலைடுகளைத் திரையில் காட்டும் கொடாக் காரோசல் புரொஜெக்டர் 1961இல் வந்தது. அதன் வட்டத் தட்டில் வழக்கமாக 80 சிலைடுகள் பிடிக்கும். ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செருக வேண்டும். நேராக வைத்துப் பார்க்கும்போது இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வோம். செருகும்போது கட்டைவிரல் அந்தப் புள்ளியில் பட்டால் சரியாகப் பிடித்திருக்கிறோம் என்று பொருள். புள்ளியைக் கவனிக்காதவரின் கழுகு திரையில் மல்லாந்து பறக்கும். விளக்கின் சூட்டில் ஃபிலிம் மெல்ல வளைந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே படம் மங்கும். திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

இவ்வளவு தொல்லையில் ஒரு நன்மை இருந்தது. எண்பதுக்குள் முழுப் பயணத்தையும் அடக்க வேண்டும் என்பதால், இரண்டு படங்களுக்கு நடுவில் இருப்பதை வாயால்தான் நிரப்பியாக வேண்டும். காற்று எந்தத் திசையில் அடித்தது, குரங்குகள் எப்போது கத்தின, ஏன் அந்த மரத்தடியில் நின்றோம் என்பதெல்லாம் அப்படித்தான் உரைக்குள் வந்தன. 2004இல் கொடாக் சிலைடு புரொஜெக்டர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இன்று கேமரா ஒரு நொடிக்கு இருபது முப்பது படம் எடுக்கிறது. பேச்சு சுருங்கிப்போய் "இது இன்னொரு கோணம்" என்ற அளவில் நிற்கிறது.

நடுச்சாமம்:
ஐயா, அந்த இருட்டு அரங்குகளில் பாதிப்பேர் தூங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் காலம் என்றால் நேர்மை என்றும் கதை கட்ட வேண்டாம். 1958இல் வெளிவந்து ஆஸ்கர் வாங்கிய ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில் லெம்மிங் எலிகள் தாமாகவே செங்குத்துப் பாறையிலிருந்து குதித்து மாய்வதாகக் காட்டினார்கள். வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து, படக்குழுவினரே தள்ளிவிட்ட எலிகள் அவை. இன்றைய ஆட்களும் உத்தமர்கள் இல்லை. ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் போட்டியில் 2009இல் பரிசு பெற்ற ஓநாய், பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியில் 2017இல் பரிசு வாங்கிய எறும்புத்தின்னி, இறந்த விலங்கின் பாடம்செய்த உடல் என்று நிபுணர்கள் கருதியதால் மறு ஆண்டே நீக்கப்பட்டது. சாட்சி சொல்ல வந்த படமே பொய் சொல்லும்போது உரையை மட்டும் எப்படி நம்புவது?

மரங்கொத்தி:
பிடிபட்டதால்தானே உங்களுக்குத் தெரிகிறது? ஒரு திருடனைக் காட்டித் தெருவையே சிறையில் போடச் சொல்கிறீர்கள்.

கால்தடம்:
நான் பயணக் குழுக்களை அழைத்துப் போகிறவன். உரை முடிந்த பிறகு நடப்பதைப் பார்ப்பது எங்கள் வேலையாகிவிட்டது. வருகிறவர் காட்டைப் பார்க்க வருவதில்லை, அரங்கில் பார்த்த அந்த ஒரு படத்தைப் பார்க்க வருகிறார். கிழக்கு ஆப்பிரிக்காவின் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் கடக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கரை விளிம்புவரை வரும், தயங்கும். முன்னால் நிற்கும் ஒன்று சரிவில் இரண்டடி இறங்கித் தண்ணீரை மோந்து பார்க்கும். பின்னால் நிற்பவை நெருக்கும். அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் ஒரு வண்டி இன்னும் நல்ல இடம் தேடி எஞ்சினை முடுக்கினால் போதும், மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிடும். கரையேறும் வழியிலேயே வண்டிகளை நிறுத்துகிறவர்களும் உண்டு. நீரில் இறங்கிவிட்ட விலங்கு அப்போது எங்கே போகும்? செங்குத்தான கரையில் முட்டி மோதும்.

நீண்ட லென்ஸில் எடுத்த படத்தில் இது எதுவும் விழாது. விலங்கும் தண்ணீரும் தூசியும் மட்டும் இருக்கும். அரங்கில் கைதட்டுகிறவர் யாரும் "இந்தப் படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள்" என்று கேட்பதில்லை. லென்ஸின் விலையைக் கேட்கிறார்கள்.

மரங்கொத்தி:
கால்தடம் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வண்டி ஓட்டுகிறவரையும் பூங்கா நிர்வாகத்தையும் பற்றிய குற்றச்சாட்டு. உரை என்ன செய்யும்? மலைக் கொரில்லாக்களைப் பாருங்கள். ஒரு குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மட்டும் அனுமதி, அதுவும் ஒரு மணி நேரம். பத்து மீட்டருக்கு நெருங்கக் கூடாது. நம் சளியும் இருமலும் தொற்றினால் அவற்றின் உயிருக்கே ஆபத்து என்பதால் இத்தனை கெடுபிடி. காவலர் சம்பளத்துக்கும் சுற்றியிருக்கும் கிராமங்களுக்கும் அந்த அனுமதிக் கட்டணத்திலிருந்துதான் பணம் போகிறது. 2018இல் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலிலும் 'மிக அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து ஒரு படி இறங்கி 'அருகிய இனம்' ஆனது. வண்டு, தவளைக்கெல்லாம் கிடைக்காத இந்தப் பணம் கொரில்லாவுக்குக் கிடைத்ததற்குக் காரணம், உலகம் முழுவதும் யாரோ ஒருவர் இருட்டு அறையில் அதன் முகத்தைப் பெரிதாகக் காட்டியதுதான்.

உள்ளான்:
எட்டுப் பேர் என்ற வரம்பு இருப்பதால் அங்கே எத்தனை அரங்கில் படம் காட்டினாலும் ஒன்பதாவது ஆள் உள்ளே போக முடியாது. எல்லா இடமும் அப்படியா? காலபாகோஸ் தீவுகளில் விலங்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பிளாஷ் கூடாது, வழிகாட்டி இல்லாமல் பூங்காவுக்குள் சுற்றிப் பார்க்க முடியாது. நல்ல விதிகள்தான். ஆனால் 1970களின் இறுதியில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பேர் அளவில் போன தீவுகளுக்கு 2023இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அத்தனை பேருக்கும் விமானம், விடுதி, குடிநீர், குப்பை. சரக்கோடு சேர்ந்து வந்திறங்கும் பூச்சியும் விதையும் வேறு. இரண்டு மீட்டர் விதியை அந்த விதை மதிக்குமா? இதைப் பற்றி ஒரே ஒரு சிலைடாவது உங்கள் உரையில் உண்டா, மரங்கொத்தி?

சன்னலோரம்:
வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் எங்கேயும் போகப்போவதில்லை. நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். எனக்கு அந்த உரைதான் பயணம்.

தென்துருவத்துக்குப் புறப்பட்ட ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்காட்டின் குழுவில் ஹெர்பர்ட் பாண்டிங் என்ற ஒளிப்படக் கலைஞர் இருந்தார். 1911இன் குளிர்காலத்தில், மாதக்கணக்கில் சூரியனே வராத இருட்டில், அந்த மரக்குடிலுக்குள் தோழர்களுக்கு ஜப்பானின் சிலைடுகளைப் போட்டுக் காட்டிப் பேசியிருக்கிறார். வெளியே பனிப்புயல். அவர்களில் யாரும் மறுநாள் காலை ஜப்பானுக்கு டிக்கெட் எடுக்கப்போவதில்லை. கேட்டவர்களுக்கு அது பயன்படாமல் போயிற்றா?

உள்ளானின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மரங்கொத்தியின் வகையறாவைச் சேர்ந்தவர்கள் எங்களை நாளைய வாடிக்கையாளராகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அதற்காக உரையே வேண்டாம் என்றால் நஷ்டம் யாருக்கு? நான் கேட்டவற்றில் மிகச் சிறந்த உரையில் ஒரு பாய்ச்சலும் இல்லை. பேச்சாளர் பக்கி என்ற இரவுப் பறவையின் படத்தைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். திரையில் காய்ந்த சருகும் சுள்ளியும் மட்டும்தான். லேசரால் சுட்டிக் காட்டவும் இல்லை. முணுமுணுப்பு எழுந்தது. முதலில் கண்டுபிடித்தவள் ஒரு சிறுமி. சருகுக்கு நடுவில் ஒரு மெல்லிய வளைந்த கோடு, அதுதான் மூடிய இமை என்றாள். அதைப் பிடித்த பிறகு அலகு, தோள், சிறகின் விளிம்பு என்று பறவை முழுவதும் வெளியே வந்தது. அதற்கப்புறம் எவ்வளவு முயன்றாலும் அதை வெறும் சருகாகப் பார்க்க முடியவில்லை. எப்படிப் பார்ப்பது என்று அன்று கற்றுக்கொண்டதை என் சன்னலுக்கு வெளியே இருக்கும் மரத்தில் தினமும் பயன்படுத்துகிறேன்.

பழைய சிலைடு:
அம்மா சொன்ன படத்தைப் பலர் ஏன் காட்டுவதில்லை என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை உண்டாக்க முடியாது. வெளிச்சம் விழாத திரை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அதுதான் அங்கே கறுப்பு. அரங்கில் விளக்குகள் பாதி எரிந்தால் பழுப்பின் மேல் பழுப்பு கரைந்துவிடும், பக்கி நிஜமாகவே காணாமல் போகும். அதனால் நீல வானத்தில் வெள்ளைக் கொக்கு என்று பேச்சாளர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். திரைக்கு மேலிருக்கும் விளக்கையாவது அணைக்கச் சொல்லுங்கள். கெஞ்சியாவது அணைக்க வையுங்கள்.

நடுச்சாமம்:
பக்கி எந்த இடத்தில் எடுத்தது என்று கேட்டிருப்பார்களே?

கால்தடம்:
கேட்காமல் இருப்பார்களா? சொல்லாமல் இருப்பதே நல்லது. ஆந்தை பகலில் அடையும் மரம் ஒன்று தெரிந்துவிட்டால் மறுவாரமே கீழே ஆள் நிற்கிறார், கிளையை ஒடித்து வழி செய்கிறார். காண்டாமிருகப் படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் இடக்குறிப்பு, கொம்புக்காகக் கொல்கிறவனுக்கும் வழிகாட்டும். உரைக்குத் தரும் கோப்பிலிருந்தும் அதை நீக்கிவிட வேண்டும்.

நடுச்சாமம்:
அப்படியானால் இடம் தெரிந்த நாலு பேர் மட்டும் பார்த்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்குத் தத்துவம். நல்ல ஏற்பாடு. பக்கத்தில் குடியிருப்பவருக்கே தெரியாத கூட்டை யார் காப்பாற்றுவது?

கால்தடம்:
பக்கத்தில் குடியிருப்பவருக்கு அது எப்போதோ தெரியும். அரங்கத்தில் இருக்கும் முன்னூறு பேருக்குத்தான் தெரிய வேண்டாம் என்கிறேன்.

மரங்கொத்தி:
சன்னலோரம் அக்காவுக்காக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இனி பயணத் தேதி என் திரையில் வராது, வேண்டுமென்றால் வாசலில் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் சிறுத்தையை எடுக்க மாட்டேன். அது இல்லாவிட்டால் அரங்கம் நிரம்பாது, உங்கள் பக்கியைப் பார்க்கவும் ஆள் இருக்காது.

உள்ளான்:
சிறுத்தை இருக்கட்டும். அதைச் சுற்றி நின்ற வண்டிகளின் படத்தையும் போடுங்கள்.

பழைய சிலைடு:
இது புதுமையும் அல்ல. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில் ஒரு மாட்டின் தோலுக்குள் கூடு செய்து, உள்ளே நுழைந்து பறவைகளைப் படமெடுத்தார்கள். அந்தப் பொய் மாட்டையும் படமெடுத்து வெளியிட்டார்கள். எப்படி எடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

மரங்கொத்தி:
வண்டிகளின் படத்தைப் போட்டுப் பார்த்தவன்தான் நான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் எழுந்து, வண்டிகள் குறைவாக இருக்கும் மாதம் எது என்று கேட்டார்.

உள்ளான்:
சிறுத்தைக்கு முன்னால் போட்டீர்களா, பின்னாலா?

மரங்கொத்தி:
முன்னால். கூட்டத்தைக் காட்டிவிட்டு அதற்குப் பரிசாகச் சிறுத்தையைக் காட்டினேன்.

உள்ளான்:
அதுதான் சிரித்தார்கள். பின்னால் போடுங்கள். கைதட்டல் அடங்குவதற்குள், ஒரு வார்த்தையும் சொல்லாமல்.