பைதான் ஷெல்லுக்குள் ஆர்சிங்க்: தமிழ்க் கட்டளை எடுபடவில்லை, வெறும் என்டருக்கு மறுபடி அனுப்புகிறது

பாளை_ஆல்பம்:
அண்ணாச்சிமாரே, ஸ்டுடியோ பையன்கள் கல்யாணப் படங்களைச் சர்வருக்கு ஏற்ற பைதானின் சிஎம்டி மாட்யூலில் ஒரு ஷெல் (கட்டளையை அடித்து வேலை வாங்கும் நிரல்) எழுதுகிறேன். உள்ளே ஓடுவது ஆர்சிங்க் என்கிற கோப்பு நகலெடுக்கும் கருவி. ‘அனுப்பு’ என்று அடித்தால் ‘அன்நோன் சின்டாக்ஸ்’ (புரியாத கட்டளை) என்கிறது, அந்தக் கட்டளைக்கான டூ_அனுப்பு ஃபங்ஷன் இருந்தும். ‘சென்ட்’ என்றால் ஓடுகிறது. அப்புறம் வெறும் என்டர் தட்டினாலே முந்தின ஃபோல்டர் மறுபடி கிளம்புது. கன்ட்ரோல்-சி அடித்தால் ஷெல்லே மூடிருது.

ஜங்ஷன்_லினக்ஸ்:
தம்பி, அந்த மாட்யூலில் கட்டளைப் பெயரில் வரலாம் என்கிற எழுத்துகளுக்கு ஐடென்ட்கேர்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கு. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் அதில் உண்டு. ‘அ’ வந்ததுமே கட்டளைப் பெயர் காலியாகிவிடும். யூனிகோடில் தமிழுக்கான 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை மொத்தமும் அதோடு சேர்த்துவிடுங்க. உயிரெழுத்தும் மெய்யும் மட்டும் சேர்த்தால் புள்ளியிலும் உகரக் குறியிலும் பெயர் அறுந்துபோகும்.

வெறும் என்டருக்குப் பழைய கட்டளையை ஓட்டுவது அதன் இயல்பு. எம்ப்டிலைன் ஃபங்ஷனை ஒன்றும் செய்யாதபடி மாற்றி எழுதணும். அழிக்கிற கட்டளை ஏதும் வைக்கப் போறீங்கன்னா இதை முதலில் செய்யுங்க.

மேலப்பாளையம்_சர்வர்:
கன்ட்ரோல்-சி சிக்னல் பைதானுக்கும் ஆர்சிங்குக்கும் சேர்ந்தே போகும். ஆர்சிங்கை ஓட்டுகிற பைதானின் சப்பிராசஸ் ரன் கால் விநாடிதான் பொறுக்கும், பிறகு ஆர்சிங்கைக் கொன்றுவிடும். பாதிக் கோப்பை ஒழுங்காக மூடி வைக்க அதற்கு நேரம் பத்தாது. அதனால் ரன்னுக்குப் பதில் அதே மாட்யூலின் பிஓபன் வைத்து, கன்ட்ரோல்-சிக்குக் கிளம்பும் கீபோர்ட்இன்டரப்ட் பிழையைப் பிடித்து, ஆர்சிங்க் முடிகிறவரை காத்திருக்க இன்னொரு தடவை வெயிட் போடுங்க. பாதிக் கோப்பை அழிக்காமல் வைக்க ‘--பார்ஷியல்’ கட்டாயம். ஆர்சிங்க் முடியும்போது தரும் வெளியேறும் எண் 20 என்றால் நிறுத்தியது, 23 என்றால் சில கோப்பு போகவில்லை. இரண்டுக்கும் வேறு வேறு செய்தி காட்டுங்க.

‘ரிசப்ஷன் மாலை’ மாதிரி இடைவெளி உள்ள பெயருக்கு மேற்கோள் குறிக்குள் அடித்ததைப் பைதானின் ஷ்லெக்ஸ் மாட்யூலில் பிரித்து லிஸ்ட்டாகக் கொடுங்க, கட்டளையைச் சிஸ்டம் ஷெல் வழியாக ஓட்டும் ஷெல்=ட்ரூ வேண்டவே வேண்டாம். அனுப்புகிற உங்க கணினியில் ஆர்சிங்க் 3.2.4-க்கு முந்தையது என்றால் சர்வர் பக்கத்து ஷெல்லும் பெயரைப் பிரிக்கும், ‘-எஸ்’ போடணும்.

பாளை_ஆல்பம்:
தமிழ் ஓடுது அண்ணாச்சி! ஒவ்வொரு அனுப்பலுக்கும் லாகின் ஆகி நேரம் போகுதே?

ஜங்ஷன்_லினக்ஸ்:
சர்வரில் லாகின் ஆக ஆர்சிங்க் பயன்படுத்துவது எஸ்எஸ்எச். ஒரே லாகினை அடுத்த அனுப்பலுக்கும் பயன்படுத்த, அதன் கான்ஃபிகில் கன்ட்ரோல்மாஸ்டர் ஆட்டோ, கன்ட்ரோல்பெர்சிஸ்ட் 10 நிமிடம், இணைப்பின் சாக்கெட் கோப்புக்கு ஒரு கன்ட்ரோல்பாத் வையுங்க. லினக்ஸில் சாக்கெட் பாதைக்கு 108 பைட்தான் இடம், அதனால் பெயர் சுருக்கமாக இருக்கட்டும். ஆடிக் காத்தில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் பழைய இணைப்பு செத்தும் தொங்கும், புது அனுப்பலும் அதிலேயே சிக்கும். சர்வர் உயிரோடு இருக்கா என்று 15 விநாடிக்கு ஒருமுறை கேட்க சர்வர்அலைவ்இன்டர்வல் 15, மூன்று தடவை பதில் இல்லையென்றால் விட சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 3 வைத்தால் முக்கால் நிமிடத்தில் அதுவே விட்டுவிடும்.