செங்குன்றம் பக்கத்துக் கிராமம்: பர்மாக்காரர் குடியேறிய ஆண்டை உறுதி செய்வது எப்படி?

ஏரிக்கரை: ஊர் வரலாறு எழுதுகிறோம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் இருக்கும் பர்மாக்காரர் தெருவில் விசாரித்தால் எல்லாரும் "சண்டைக்கு அப்புறம் வந்தோம்" என்கிறார்கள். பட்டாவிலோ 1980களின் தேதிதான் இருக்கிறது. வேறு எங்கே தேடலாம்?

பழைய தாள்: முதலில் எந்த அலை என்று பிரியுங்கள். இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் 1942-ல் நடந்தே வந்தவர்கள் ஒரு கூட்டம். 1962-ல் பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு கப்பலேறியவர்கள் இன்னொன்று. ஆண்டைக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். "நடந்து வந்தாங்களா, கப்பலா? 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னப்ப அங்கதான் இருந்தாங்களா?" என்று கேளுங்கள். அந்த அறிவிப்பு 1964 மே மாதம். 1942-ல் வந்து, சண்டை முடிந்ததும் திரும்பிப் போய், மறுபடி வந்த குடும்பங்களும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பதில் வந்தால் பொய் என்று தள்ளிவிடாதீர்கள்.

புல எண்: பட்டா தேதியை வைத்துக் குடியேறிய ஆண்டைச் சொல்லவே கூடாது. உங்களிடம் இருப்பது யுடிஆரில் எழுதிய பட்டாவாக இருக்கும். அது 1979-க்குப் பிறகு நடந்த பதிவேட்டுத் திருத்தம். ஆன்லைனில் இன்றைய நிலவரம் மட்டுமே தெரியும். தாலுகா அலுவலகத்தில் யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டுக்கு (புல எண் வாரியாக நில விவரம் எழுதிய கிராமப் பதிவேடு) நகல் மனு போடுங்கள். அதில் அந்த இடம் புறம்போக்கு என்றிருந்தால், அடுத்து ஒப்படை ஆணையை, அதாவது அரசு அந்த நிலத்தைக் குடும்பங்களுக்கு ஒதுக்கிய ஆணையைக் கேளுங்கள். அதுவும் குடிசை போட்டுப் பல வருஷம் கழித்து வந்திருக்கலாம். ஆக, "இதற்கு முன்பே இருந்தார்கள்" என்பதற்கு மட்டும்தான் அது ஆதாரம்.

கணக்கு: கன்னிமாரா நூலகத்தில் 1961, 1971 மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடுகளைக் கேளுங்கள். திருவள்ளூர் என்று கேட்டால் கிடைக்காது, அது 1997-ல்தான் தனி மாவட்டம். செங்கல்பட்டு என்று கேட்க வேண்டும். அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டு வளர்ச்சி சுமார் 22 சதவீதம். உங்கள் கிராமம் அதைவிட எகிறியிருந்து, பக்கத்துக் கிராமங்கள் சாதாரணமாக இருந்தால் குடியேற்றத்துக்கான தடயம் அது. ஒரு சிக்கல்: குடியிருப்புக்குத் தனியாக எண்ணிக்கை இருக்காது, வருவாய்க் கிராமத்தோடு சேர்த்தே எண்ணியிருப்பார்கள்.

பழைய தாள்: ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் விடாதீர்கள். தலைமையாசிரியர் அனுமதியோடு, பெயர்களை எடுக்காமல், பிறந்த ஊர் ரங்கூன் என்றுள்ள சேர்க்கைகளை வருஷவாரியாக எண்ணுங்கள். சேர்க்கைத் தேதியை நம்பலாம். பிறந்த தேதியை வேண்டாம், பாதிப் பேருக்கு ஜூன் மாதமாகத்தான் இருக்கும்.

ஏரிக்கரை: கோயில் கல்வெட்டில் கும்பாபிஷேக ஆண்டு இருக்கிறதே?

புல எண்: அது கட்டடத்தின் வயசு. வேப்பமரத்தடியில் சூலம் நட்டது எப்போது என்று பூசாரி வீட்டில் கேளுங்கள்.