லண்டனிலிருந்து ஒரு நாளில் கோட்டை பார்க்க: டூர் பஸ்ஸா, நாமே போகலாமா?

தேவனாம்பட்டினத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். தபால் நிலையக் கவுண்டரில் 34 வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் நான். மகள் லண்டனில் குரோய்டன் பக்கம் இருக்கிறாள். மே கடைசியில் நானும் வீட்டுக்காரரும் போகிறோம், ஆறு வாரம். மாப்பிள்ளை ஒரு டூர் பார்த்து அனுப்பியிருக்கிறார். விண்ட்சர் கோட்டை, பழங்காலக் கல்வட்டம் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச், ரோமானியர் குளியல் கூடம் உள்ள பாத் நகரம், மூன்றும் ஒரே நாளில். காலை எட்டு மணிக்கு ஏறினால் ராத்திரி ஏழரைக்குக் கொண்டுவந்து விடுவார்களாம்.

எனக்கும் கோட்டைக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. செயின்ட் டேவிட் கோட்டை எங்கள் ஊரில்தான், கடலூர் தேவனாம்பட்டினத்தில், என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1690-ல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள், பீரங்கிக் குண்டு போய் விழுந்த இடம் வரை அவர்களுக்கு, அதனால்தான் குண்டு உப்பலவாடி என்று பேர், கிளைவ் கவர்னராக இருந்தார் என்றெல்லாம். சாயங்காலம் ஆட்டைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் இருப்பது கொஞ்சம் செங்கல் சுவர், மீதியெல்லாம் வேலிக்காத்தான் முள். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துவிட்டார்களாம். "கோட்டையே இல்லாத ஊருக்கு எதுக்கு டீச்சர் கோட்டைப் பாடம்?" என்று கேட்டு வெளியே நின்றிருக்கிறேன்.

அதனால் சுவர், வாசல், அகழி எல்லாம் நின்றபடி இருக்கும் ஒரு கோட்டையை ஆற அமரப் பார்க்க ஆசை. வீட்டுக்காரருக்கு முட்டி வலி. இரண்டு பேரும் சைவம். இந்த டூரில் போகலாமா?

முத்தியால்பேட்டை பையன்:

அம்மா, அதே மூன்று ஊர் டூரில் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவன் சொல்கிறேன். வேண்டாம். பாத் மட்டுமே லண்டனிலிருந்து 180 கிலோமீட்டருக்கு மேல். நடந்த நேரத்தைவிட பஸ்ஸில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். விண்ட்சரில் சோதனை வரிசை போக மிஞ்சியதில் அரண்மனை அறைகளைப் பார்த்தோம், செயின்ட் ஜார்ஜ் சர்ச்சுக்கு நேரமில்லை. எலிசபெத் ராணியை அடக்கம் செய்த இடம் அதுதான், அம்மாவுக்கு அதுதான் பார்க்கணும். ஸ்டோன்ஹெஞ்சில் இறங்கும் இடத்திலிருந்து கல் இருக்கும் இடம் 2 கிலோமீட்டர், அதற்கு வேறு பஸ். போனால் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள், சுற்றி வரலாம், கிட்டே போக முடியாது. "இதுக்கு நம்ம திருவக்கரை கல்மரம் பரவாயில்லடா, தொட்டாவது பாக்கலாம்" என்றார் அம்மா. பாத்தில் ஒரு வயதான தம்பதி பாத்ரூம் போய்விட்டு நாலு நிமிஷம் தாமதம். பஸ் போயே போய்விட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, நேரக் கண்டிப்பு எல்லா இடத்திலும் அப்படித்தான்.

இன்னொன்று. விலை குறைவாக இருந்தால் நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா என்று பாருங்கள். சேராத டிக்கெட்தான் மலிவு.

குரோய்டனிலிருந்து விண்ட்சருக்கு நீங்களே போகலாம். ஈஸ்ட் குரோய்டனில் ஏறி கிளாப்பம் ஜங்ஷனில் மாறினால் விண்ட்சர் ரயில். செவ்வாய், புதன் கோட்டை மூடியிருக்கும். ஞாயிறு சர்ச்சில் வழிபாட்டுக்கு மட்டும்தான் விடுவார்கள். வியாழன் அல்லது வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்:

ஆற அமர என்றால் விண்ட்சர் சரிவராது அம்மா, கூட்டம். அகழி கேட்டீர்கள் அல்லவா, அப்போது போடியம் கோட்டை, லண்டனுக்குத் தென்கிழக்கே. 1385-ல் கட்டத் தொடங்கியது. நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் கோட்டை, மூலைக்கு ஒரு வட்டக் கோபுரம், சின்னப் பிள்ளையைக் கோட்டை வரையச் சொன்னால் வரைவது போலவே இருக்கும். கட்ட அனுமதி கேட்டபோது சொன்ன காரணம், பிரெஞ்சுக்காரர்கள் கடல் வழியாக வருவார்கள் என்பது. உங்கள் ஊர்க் கதைதான், அதற்கும் முந்நூறு வருஷத்துக்கு மேல் முன்னால் நடந்தது.

உள்ளே கூரை இல்லை, வெறும் சுவர்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் வெளிச்சுவர் முழுசாக நிற்கிறது. 1917-ல் அதை விலைக்கு வாங்கிப் பழுது பார்த்தவர் யார் தெரியுமா? நம் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு. 1925-ல் இறந்தபோது பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதி வைத்துவிட்டார். இங்கே 1904-ல் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததும் அவர்தான். வங்கத்தைப் பிரித்த கோபம் எனக்கு இன்னும் உண்டு, இந்த விஷயத்தில் மட்டும் மனுஷனைக் குறை சொல்ல முடியவில்லை.

மகளிடம் கார் இருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். சாருக்கு முட்டி எப்படி, திருவந்திபுரம் மலைப் படி ஏறுகிறாரா?

தேவனாம்பட்டினத்துக்காரி:

ஏறிவிடுவார் சார். இறங்கும்போதுதான் என் தோள் போய்விடும்.

வாத்தியார்:

அப்படியென்றால் கோபுரத்துக்குள் சுழல் படி வேண்டாம். குறுகலான கல் படி, பிடிக்க ஒழுங்காக ஒன்றும் இருக்காது. அகழியைச் சுற்றி நடக்கட்டும், போதும்.

வெள்ளை நகர வழிகாட்டி:

நான் புதுச்சேரியில் ஆட்களைத் தெருத் தெருவாகக் கூட்டிப்போய்க் கதை சொல்லிப் பிழைப்பவள். எல்லாரும் டூரே வேண்டாம் என்றால் என் வயிற்றில் அடிக்கிற மாதிரி இருக்கிறது! கோட்டைக்கு வழிகாட்டி வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன், சுவரே பேசிவிடும். பெரிய பழைய சர்ச் இருக்கும் கேன்டர்பரி மாதிரி ஊருக்கு ஆள் வேண்டும் அக்கா. 1170-ல் பெக்கெட் என்ற பேராயரை சர்ச்சுக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அவர் சமாதியை எட்டாம் ஹென்றி 1538-ல் உடைத்துப்போட்டான். இப்போது அங்கே தரையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரியும், வேறெதுவும் இல்லை. யாராவது சொல்லாவிட்டால் யாரோ வைத்துவிட்டுப் போன மெழுகுவர்த்தி என்று தாண்டிப் போய்விடுவோம். அதற்குப் போகும் கல்படி, யாத்ரீகர்கள் ஏறி ஏறிக் குழிந்து கிடக்கும். நீல பேட்ஜ் குத்திய வழிகாட்டிகள் பரீட்சை எழுதித் தேறியவர்கள், அவர்களில் ஒருவரை நடந்து காட்டும் டூருக்குப் பிடியுங்கள்.

நாள் மிச்சமிருந்தால் கடலோரத்து டோவர். மேகமில்லாத நாளில் கோட்டையிலிருந்து பிரான்ஸ் தெரியும், 33 கிலோமீட்டர்தான். இங்கே உங்கள் கடலூருக்கும் எங்கள் ஊருக்கும் 20 சொச்சம். அங்கே அத்தனை கிட்டத்தில் அடித்துக்கொண்டது போதாதென்று இங்கே வந்தும் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டிருக்கிறார்கள். உங்கள் கோட்டையை எங்காட்கள் இடித்தார்கள், எங்கள் கோட்டையை 1761-ல் உங்காட்கள் இடித்தார்கள். கணக்கு நேர்.

முத்தியால்பேட்டை பையன்:

சாப்பாடு யாரும் சொல்லவில்லையே. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், போடியத்தில் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாங்கித்தான் சாப்பிடணும் என்றால் தோலோடு சுட்ட முழு உருளைக்கிழங்கு கிடைக்கும், மேலே பீன்ஸோ சீஸோ. குடை வேண்டாம், காற்றில் திரும்பிக்கொள்ளும். தொப்பி வைத்த ஜாக்கெட் எடுங்கள். மே கடைசியில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை.

தேவனாம்பட்டினத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. மூன்று ஊர் டூர் ரத்து, மாப்பிள்ளையிடம் சொல்லியாகிவிட்டது, முகம் சுருங்கியது, பரவாயில்லை. வியாழக்கிழமை ரயிலில் விண்ட்சர். ஒரு சனிக்கிழமை மகள் காரில் போடியம். கேன்டர்பரி புதுச்சேரித் தங்கச்சி சொன்னபடி வழிகாட்டியோடு. டோவர், முட்டி விட்டால்.

வாத்தியார் எழுதியதை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அகழியில் மீன் இருக்குமா என்று மட்டும் கேட்டார்.