மறு: ரான்சம்வேருக்குத் தமிழில் என்ன சொல்?

> பணயத் தீநிரல் என்றே வைத்துவிடலாம். பணயக்கைதி எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

வணக்கம்.

பழகிய சொல்தான். ஆனால் பணயக்கைதியைப் பிடிப்பவன் காசும் கேட்பான், மறியலில் இருக்கும் தன் ஆளை விடச் சொல்லியும் கேட்பான். ரான்சம்வேர் என்பது கணினிக்குள் புகுந்து, கோப்புகளை வைத்து மிரட்டிக் காசு பறிக்கும் தீநிரல், அதாவது கெடுதல் செய்யும் நிரல். அதை ஏவுபவனுக்குக் காசு மட்டும்தான் குறி. இங்கே முன்பு வந்த 'பிணைநிரல்' இன்னும் சிக்கல். வன்னியில் பிணை என்றால் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும்.

கிளிநொச்சியில் உயர்தர வகுப்பில் இதை விளக்கியபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "வயலுக்க வந்த மாட்டைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுக் காசு கேக்கிற மாதிரியா சேர்?" கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அங்கே மாடு பயிரைத் தின்றிருக்கிறது. கட்டியவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. ஆகவே 'தண்டம்' சரிவராது. மிரட்டிப் பறிக்கும் காசுக்குத்தான் எங்களிடம் கப்பம் என்ற சொல் இருக்கிறதே. 'கப்பம் கோரினர்' என்று பத்திரிகையில் வந்தால் இங்கே யாருக்கும் விளக்கம் வேண்டாம். தமிழக நண்பர்களுக்குச் சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டிய கப்பம் நினைவுக்கு வரும். சரி, அதையும் அவன் மனமுவந்தா கட்டினான்?

முதலில் 'கப்பப்பூட்டு' என்றுதான் யோசித்தேன். 2019 டிசம்பர் 23 அன்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். திறப்பை வாங்க 30 பிட்காயின், ஏறத்தாழ 2 இலட்சம் யூரோ, கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு அந்தச் சொல் அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன்பே கோப்புகளை நகலெடுத்துக்கொள்கிறார்கள். காசு வராவிட்டால் வெளியிடுவோம் என்கிறார்கள். சில கும்பல்கள் பூட்டுவதே இல்லை. பூட்டினால் காப்புப் பிரதியை வைத்துச் சமாளிக்கலாம். அந்தப் பிள்ளை நாளைக்கு கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால், அவளுடைய அடையாள அட்டை இலக்கம், மருத்துவச் சான்றிதழ், பெறுபேறு எல்லாம் அங்கே பதிவில் இருக்கும். அவை வெளியே போனால் எந்தப் பிரதி திருப்பிக் கொண்டுவரும்?

ஆக, பூட்டு கழன்றுவிட்டது. கப்பம் மிஞ்சியது. என் முன்மொழிவு 'கப்பநிரல்'. கப்பநிரல் தாக்குதல், கப்பநிரல் கும்பல் என்று தடங்கலில்லாமல் நீட்டலாம். 'தீ' வேண்டாம்; கப்பம் என்ற பிறகு அது கெட்டது என்று வேறு சொல்லவேண்டுமா?

மேலே 'திறப்பு' என்று எழுதியதைப் பார்த்துச் சிலர் திறப்பு விழாவா என்று கேட்பீர்கள். அதை மட்டும் விட்டுத்தருகிறேன், சாவி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.