புதுப்பிப்பு: மச்சு உத்திரத்தைச் செதுக்கலாமா?

எங்கள் ஓட்டு வீட்டு மச்சில் ஏறும்போது உத்திரம் தலையில் இடிக்கிறது, அடியில் 2 அங்குலம் செதுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

செதுக்கவில்லை. நேரில் பார்த்த கட்டமைப்புப் பொறியாளரும் வேண்டாம் என்றார். உத்திரம் வளையாமல் சுமை தாங்கும் வலிமை அதன் உயரத்தின் (அடியிலிருந்து மேல் வரையான கனத்தின்) வர்க்கத்தைப் பொறுத்தது. 8 அங்குல உத்திரம் 6 ஆனால் ஏறத்தாழ 44 சதவீத வலிமை போய்விடும்.

கைகொடுத்தது, ‘உத்திரத்தை விடுங்கள், ஏணி வாயை (மச்சுக்கு ஏறும் திறப்பை) நகர்த்துங்கள்’ என்ற யோசனைதான். முதலில் இருபுறமும் முட்டுக்கொடுத்தோம். பிறகு புது வாய்க்காக ஒரே ஒரு குறுக்குச் சட்டத்தை அறுத்து, அதன் முனைகளைப் புதுச் சட்டத்தில் ஏற்றி, பக்கத்துச் சட்டங்களை இரட்டையாக்கி போல்ட்டால் முறுக்கினோம். முட்டுகளைக் கடைசியில்தான் எடுத்தோம்.

எதிர்பாராதது, சுவருக்குள் புதைந்திருந்த உத்திர முனை. வெளியே வர்ணம் பளபளவென்று இருந்தது. சுத்தியலால் தட்டினால் பொள்ளல் சத்தம். உளி ஓர் அங்குலம் தடையின்றி இறங்கியது, உள்ளே முழுக்கக் கரையான் மண். செதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. கரையான் அரித்த பகுதியை நீக்கி, இருபுறமும் இரும்புச் சானல் (‘ப’ வடிவ இரும்புச் சட்டம்) வைத்து இறுக்கி, சுவரில் கான்கிரீட் கட்டை வார்த்து அதன்மேல் உட்காரவைத்தோம். இதைத் தேடி வருகிறவர்கள் ரம்பத்தை எடுக்கும் முன் முனைகளைத் தட்டிப் பாருங்கள்.

கரையான் மருந்து அடிப்பது அடுத்த வாரம்.