பொருள்: ‘ஆளுநர் ஆளுநரின் தலையை வெட்டினார்’ – திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

மயிலாடுதுறை:
அன்பர்களுக்கு வணக்கம். நெதர்லாந்துக் கிளர்ச்சிப் பாடத்தைத் தமிழாக்குகிறேன். திங்களன்று அச்சகத்துக்குப் போயாக வேண்டும். 1567-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், ஆல்பா கோமகனைச் சுமார் 10,000 வீரர்களுடன் தம் ஆட்சியில் இருந்த நெதர்லாந்துக்கு அனுப்பினார். அவர் மொத்த நாட்டுக்கும் ஆளுநர். மாகாணங்களில் ‘ஸ்டாட்ஹவுடர்’கள். முந்தைய படியில் அவர்களும் ஆளுநர்களே! பிளாண்டர்ஸ் மாகாண ஸ்டாட்ஹவுடர் எக்மான்ட் பிரபுவின் தலையை 1568 ஜூன் 5 அன்று பிரசல்ஸில் ஆல்பா வெட்டச் செய்தார். விளைவு, மேலே உள்ள வாக்கியம். வகுப்பில் வாசித்ததும் பின்வரிசை கைதட்டியது.

திருவையாறு:
அம்மா, முதலில் ஒன்று. ‘ஆளுநர்’தான், ‘ஆளுனர்’ அன்று. பொருநர், பெறுநர் போல இதிலும் தந்நகரமே. இதை இக்குழுவில் எத்தனை முறை எழுதினேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சொல்லுக்கு வருவோம். இராசேந்திரன் மதுரையில் தன் மகனைச் ‘சோழபாண்டியன்’ என்ற பட்டத்தோடு அமர்த்தினான். ஆளும் குலத்தின் பெயரும் ஆளப்படும் நாட்டின் பெயரும் ஒரே சொல்லில். நமக்கு முன்மாதிரி வீட்டிலேயே இருக்கிறது.

கும்பகோணம்:
ஐயா, அது பெற்ற மகனுக்குக் கொடுத்த பட்டம். ஆல்பாவுக்கு முன் அங்கே ஆண்ட மார்கரெட், பிலிப்பின் தந்தைக்குப் பிறந்தவர், அவருக்காவது பொருந்தும். ஆல்பா வெளியாள், படைத்தலைவர். ‘எசுப்பானிய நெதர்லாந்தன்’ என்றால் பையன்கள் கால்பந்து வீரர் என்பார்கள்.
ஸ்டாட்ஹவுடர் என்றால் நேர்பொருள் ‘இடத்தைப் பிடித்திருப்பவர்’, அதாவது மன்னர் இல்லாத இடத்தில் அவருக்காக இருப்பவர். ஆனால் ‘இடம்பிடிப்பவர்’ என்று எழுதினால் எங்கள் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்தான் நினைவுக்கு வருகிறார்.

காரைக்கால்:
‘லெப்டினன்ட்’டுக்கும் பிரெஞ்சில் அதே பொருள்தான். எங்களுக்கு ‘துணைநிலை ஆளுநர்’ இருக்கிறாரே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

மயிலாடுதுறை:
வைக்கலாம். பிறகு எக்மான்ட் புதுச்சேரியில் வெட்டப்பட்டார் என்று விடைத்தாளில் வரும்.

நாகப்பட்டினம்:
ஆல்பாவை எதிர்த்த அந்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்தாம் 1658 முதல் 1781 வரை எங்கள் ஊரை வைத்திருந்தார்கள் என்பதால் எனக்கும் இதில் உரிமை உண்டு. விற்கும் பொருளுக்கெல்லாம் பத்தில் ஒரு பங்கு வரி கேட்டார் ஆல்பா. ஆல்பாவின் மதத்தவரான கத்தோலிக்கரும் கடையை மூடினார்கள். 1572 ஏப்ரல் 1 அன்று கடற்கலகக்காரர் ‘பிரில்’ என்ற துறைமுகத்தைப் பிடித்தனர். டச்சு மொழியில் ‘பிரில்’ என்றால் மூக்குக்கண்ணாடி. ‘ஏப்ரல் முதல் நாள் ஆல்பா கண்ணாடியைத் தொலைத்தார்’ என்று இன்றும் சொல்கிறார்கள். காளமேகம் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

திருவையாறு:
சிலேடை நன்று. சொல் எங்கே?

கும்பகோணம்:
பதிலாளர். மன்னருக்குப் பதிலாக இருப்பவர். நடவுக்குக்கூட நாம் பதிலாள் அனுப்புகிறோம். யாருக்கும் விளக்க வேண்டாம்.

திருவையாறு:
‘பதில்’ அரபுச் சொல். ‘பதல்’ என்பதன் திரிபு.

கும்பகோணம்:
‘பதி’ என்றால் இடம், ஊர். பதியில் இருப்பவர் பதிலாளர். ஸ்டாட்ஹவுடருக்கும் இடம்தானே வேர்!

திருவையாறு:
யகரம் எங்கே போயிற்று? இப்படிப் பிரித்தால் ‘பஸ்’ஸும் தமிழாகிவிடும். ‘நிலையாளர்’ என்பது என் பரிந்துரை.

காரைக்கால்:
நிலையாளர் என்றால் பஸ் நிலைய அதிகாரி போல இருக்கிறது. என் வாக்கு பதிலாளருக்கு.

நாகப்பட்டினம்:
எனக்கு ‘ஸ்டாட்ஹவுடர்’ என்றே விட்டுவிடலாம் என்று ஆசை. மூன்று நாளாயிற்று, பதிலாளருக்கே போடுகிறேன்.

மயிலாடுதுறை:
அனுப்பிவிட்டேன். ஆல்பா ‘பேராளுநர்’, எக்மான்ட் ‘மாகாணப் பதிலாளர்’. ‘பேராளுநர் பதிலாளரின் தலையை வெட்டச் செய்தார்’ என்று வாசித்தேன், பின்வரிசை சும்மா இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய ஆல்பாவின் நீதிமன்றத்தை மக்கள் அழைத்தபடியே ‘குருதி மன்றம்’ என்று வைத்துவிட்டேன். அதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை.

திருவையாறு:
குருதி தமிழ், அதனால் வரவில்லை. பதிலாளரை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பில் பேசுவோம்.

மயிலாடுதுறை:
மெய்ப்பு வந்தது. மூன்று இடங்களில் ‘பேராளுனர்’ என்று அடித்திருக்கிறார்கள். திருத்திவிட்டேன், ஐயாவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

திருவையாறு:
படித்துவிட்டேன், அம்மா.