முளைக்காத பல்லும் உருவாகாத பல்லும்: ஒரு சொல் வேண்டும்

அண்ணே,

பல் உருவாகாமலே போவதற்கு உங்கள் அகராதியில் போட நீங்கள் தந்த ‘பல் முளையாமை’ சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காரைக்குடியில் என்னிடம் பல் வைத்தியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆச்சிமார் சொல்வதும் அதுதான்: “இன்னும் முளைக்கலை, முளைச்சிரும்.” எலும்புக்குள் சிக்கிய பல்லும் முளைக்காத பல், உருவாகவே இல்லாத பல்லும் முளைக்காத பல். முன்னதை ஈறைத் திறந்து, கம்பி கட்டி இழுத்துவிடலாம். பின்னதில் இழுக்க என்ன இருக்கிறது?

போன வாரம் வந்த பெண்ணுக்கு 13 வயது. கீழே ஒரு பால் கடைவாய்ப்பல் விழாமல், பக்கத்துப் பற்களைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. எக்ஸ்ரேயில் அதன் வேருக்கு அடியில் வெறும் எலும்பு. இரண்டாம் முன்கடைவாய்ப்பல் இருக்க வேண்டிய இடம் அது. பிடுங்கச் சொல்லித்தான் கூட்டிவந்தார்கள். வேண்டாம் என்றேன், வேர் கரையாவிட்டால் அந்தப் பால்பல்லே பல வருஷம் உழைக்கும். தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளாண்டுக்கு இது வயதில்லை. தாடை வளரும்போது மற்றப் பற்கள் கூடவே நகரும், இம்ப்ளாண்ட் நகராமல் பள்ளத்தில் நின்றுவிடும்.

என் யோசனை ‘பல்லரும்பின்மை’. அரும்பே இல்லை என்று பொருள்.

*

தங்கச்சி,

தேவகோட்டையில் மீசை அரும்பினால் தெருவுக்கே தெரியும். உள்ளே இருப்பதற்கு அரும்பு சரிவராது. ‘பற்கரு’ என்று வைப்போம். அப்புறம், இன்மை என்றால் அடியோடு இல்லாதது. ஒன்றிரண்டு இல்லாததற்கு அது அதிகம்.

*

அண்ணே,

சரி, பற்கருவே இருக்கட்டும். ஞானப்பல்லைக் கணக்கில் சேர்க்காமல் 1 முதல் 5 வரை குறைந்தால் பற்கருக்குறை. 6 அல்லது அதற்கு மேல் என்றால் பற்கருப் பெருங்குறை. ஒன்றுமே இல்லாவிட்டால் பற்கருவின்மை.

பெருங்குறைக்குத் தனிச் சொல் அவசியம் வேண்டும். முடி மெலிந்து, இருக்கிற ஓரிரு பல்லும் கூம்பாக இருந்தால் வியர்வைச் சுரப்பியும் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வியர்க்காத பிள்ளைக்கு நம்மூர்ச் சித்திரை வெயில் ஆபத்து. காய்ச்சல் மாதிரி உடம்பு கொதித்துவிடும். இவர்களுக்கு மூன்று நான்கு வயதிலேயே கழற்றி மாட்டும் பல்செட் கொடுத்து, தாடை வளர வளர மாற்றித் தருவோம்.

‘கரு’ என்றதும் ஆச்சிமார் பதறுவார்கள். அவர்களிடம் “பல்லுக்கு விதையே விழலை” என்று சொல்லிக்கொள்கிறேன். அகராதியில் உங்கள் சொல்லைப் போடுங்கள்.